தரை வேகம்

பொழிச்சலூரில் என் மாடிவீட்டுக்கு மேலே
விமானங்கள் சக்கரம் இறக்கிக்கொண்டே போகும்.
தோல் கம்பெனியில் கணக்கெழுதிவிட்டு வந்து
சோறு வடித்து, எட்டரைக்கு
நானும் கிளம்புவேன்:
சாப்பாட்டு மேசையில் திருகி மாட்டிய கைப்பிடி,
வழுக்காதிருக்க சைக்கிள் டியூப் ஒட்டிய பெடல்கள்,
இருபத்துநாலு அங்குலத் திரைக்குள்
இரண்டு பேர் உட்காரும் செஸ்னா.

திரைக்குள் இருக்கும் சென்னையில்
அடையாறு நீலமாக ஓடுகிறது.
பள்ளிக்கரணைக் குப்பைமேட்டைப்
பச்சைக் குன்றாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.
என் தெரு இருக்கிறது. என் வீடு இருக்கவேண்டிய இடத்தில்
சிவப்பு ஓடு வேய்ந்து, புகைபோக்கி வைத்து
எந்த நாட்டுக்காரன் வீடோ ஒன்று.
ஒவ்வொரு முறையும் இடது இறக்கையைத் தாழ்த்தி
அதை ஒரு பார்வை பார்ப்பேன்.
யாரும் வெளியே வந்ததில்லை.

நிஜமாய்ப் பறந்தது பதினேழு மணி இருபது நிமிடம்.
சேலத்தில்.
அந்த இருபது நிமிடம் மட்டும் தனியாக.
பக்கத்து இருக்கையின் பாரம் இல்லாமல்
வண்டி சட்டென்று எழும்பிவிட
வயிறு மட்டும் ஓடுபாதையிலேயே நின்றது.
பிறகு சீட்டுப் பணம் தீர்ந்தது.
மணிக்குப் பன்னிரண்டாயிரம் என்றால்
நிமிடத்துக்கு இருநூறு.
இன்றும் அப்படித்தான் அண்ணாந்து பார்க்கிறேன்:
அதோ அந்த மேகம்
ஆயிரத்து நானூறு ரூபாய் தூரம்.

கார்த்திகைப் புயலன்று கம்பெனி லீவு.
மதியமே மின்சாரம் போனது.
பாட்டரி பதினோரு நிமிடம் கத்திப் பார்த்தது.
கோவளம் தாண்டி, ஆயிரத்தைந்நூறு அடியில்,
கடலை இடப்பக்கம் வைத்துப் போய்க்கொண்டிருந்தேன்;
திரை அணைந்தது.
விழவும் இல்லை, இறங்கவும் இல்லை.
மீனம்பாக்கத்தை மூடிவிட்டார்கள்,
கூரைக்கு மேல் காற்றைத் தவிரச் சத்தமில்லை.

அலமாரியைத் துழாவினேன்.
வரைபடம், பாகைமானி, பென்சில்,
சேலத்தில் வாங்கிய வட்டக் கணிப்பான்:
தட்டின்மேல் தட்டு சுழலும்,
சார்ஜ் கேட்காத ஜென்மம்.
போன் டார்ச்சை டம்ளரில் சாய்த்துவைத்தேன்.
வடகிழக்குக் காற்று, எண்பது கிலோமீட்டருக்கு மேல்
என்றது ரேடியோ. நாற்பத்தைந்து நாட்.
ஜன்னலை அறைந்துகொண்டிருந்த அதே காற்றைத்தான்
தட்டில் ஒரு பென்சில் புள்ளியாக வைத்தேன்.

மாமல்லபுரம்.
பாலாறு கடலைத் தொடும் மணல்வாய்.
மரக்காணத்து உப்பளம், பாத்தி பாத்தியாக.
கடிகாரத்தில் நிமிடம் வந்ததும்
ஒவ்வொன்றையும் டிக் அடித்தேன்.
பின்காற்று. புதுச்சேரிக்கு முப்பத்தொரு நிமிடம்.
திரும்பும்போது
தொண்ணூறில் நாற்பத்தைந்து போக
மிச்சம் நாற்பத்தைந்து.
கடற்கரைச் சாலையில்
புயலுக்கும் நிற்காத ஏதோ ஒரு பஸ்
என்னை முந்திக்கொண்டு போகும்.
அதே எழுபது மைல், ஒன்றரை மணிக்கு மேல்.
பெட்ரோல் தாங்குமா என்று மூன்று தடவை கூட்டினேன்,
கம்பெனியில்கூட இப்படிக் கூட்டியதில்லை.

மறுபடி மரக்காணம் வந்திருப்பேன்,
கதவு இடிபட்டது. கீழ்வீட்டு இமானுவேல்:
“சுகிர்தா, தண்ணி வாசப்படி ஏறுது,
ஃப்ரிட்ஜ தூக்கணும், ஒரு கை புடிம்மா.”

உப்பளத்தின் மேல் சிலுவைக்குறி போட்டு
நேரம் எழுதினேன். நாலு பதினெட்டு.
பிறகு ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர்,
அவர் மனைவியின் தையல் மெஷின்,
கூடையில் இரண்டு பூனை.
ராத்திரி என் மேசைக்கடியில்
பெடல்மேல் தலைவைத்துத் தூங்கின பூனைகள்.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது.
வெளியே ஓர் இலை அசையவில்லை.
எங்கிருந்து தொடங்க, என்றது திரை;
மீனம்பாக்கத்தைக் காட்டியது.
இல்லை, மரக்காணம் என்று கொடுத்தேன்.
உயரம்? ஆயிரத்தைந்நூறு.
திசை? வடக்கே, இருபது பாகை கிழக்காக.
மணி? நாலு பதினெட்டு.
காற்று?

இமானுவேல் வாசலில் சேறு வழிக்கும் சத்தம்.
நாற்பத்தைந்து,
என்றேன்.